சிங்கப்பூரில் கொண்டோ வாங்கிய பிறகு வரும் செலவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 2007-ல் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவன். 2012-ல், பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) கிடைத்த கையோடு, கொஞ்சம் பழைய கொண்டோ (நீச்சல்குளம், காவல் எல்லாம் சேர்ந்த தனியார் அடுக்குமாடி) ஒன்றில் மூன்று படுக்கையறை வீடு வாங்கினேன். ஆபீஸிலும் கோயிலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் "வாங்கலாமா?" என்று கேட்கிறவர்கள் விலையையும் வங்கித் தவணையையும்தான் கேட்கிறார்கள். மற்ற செலவுகளைப் பற்றிய கேள்வி, சாவி கைக்கு வந்து மூன்று மாதம் கழித்து, முதல் பில்லைப் பார்த்த பிறகுதான் வருகிறது. அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே. வெள்ளி என்று வரும் இடமெல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

முதலில், வெளிநாட்டுக்காரர் இங்கே வீடு வாங்கவே முடியுமா?

கொண்டோ வாங்கலாம். நிலத்தோடு சேர்ந்த தரை வீடு என்றால் அரசின் தனி அனுமதி வேண்டும். வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் வீட்டைப் பற்றி பின்னால் சொல்கிறேன்.

ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் ஓர் இந்தியக் குடிமகன் கொண்டோ வாங்கினால் வழக்கமான முத்திரை வரி போக, கூடுதல் முத்திரை வரியாக விலையில் 60 சதவீதம் கட்ட வேண்டும். பத்து லட்சம் வெள்ளி வீட்டுக்கு ஆறு லட்சம் வரி. பிஆர் முதல் வீடு வாங்கினால் 5 சதவீதம். அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் குடிமக்களுக்கு ஒப்பந்தப்படி சிங்கப்பூரர்களுக்கான விகிதமே. நான் வாங்கியபோது பிஆருக்கு முதல் வீட்டுக்குக் கூடுதல் வரி இல்லை. 2013 ஜனவரியில்தான் கொண்டுவந்தார்கள். புத்திசாலித்தனம் எதுவும் இல்லை, நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் பக்கம் பெரும்பாலும் பிஆர்களுக்கும், பிஆராக வாங்கிவிட்டு வேறு நாட்டுக்கோ ஊருக்கோ போனவர்களுக்கும்தான் பொருந்தும்.

மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு வரும்?

நடுத்தரக் கொண்டோக்களில் பெரும்பாலும் 300 முதல் 500 வெள்ளி. மாதக் கணக்கில் பேசுவோமே தவிர, பில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். என் வீட்டுக்கு மாதம் 390. பில்லில் 1,170 என்று பார்த்தபோது முதல் தடவை என் மனைவி அதை ஒரு மாதக் கட்டணம் என்று நினைத்துவிட்டாள். அன்று சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

இந்தப் பணம் போகும் இடம் எம்சிஎஸ்டி, அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த நிர்வாகக் கழகம். காவலாளி, துப்புரவு, நீச்சல்குளம், லிஃப்ட், தோட்டம், பொது விளக்கு எல்லாம் இதிலிருந்துதான். ஆண்டு வசூல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும் எம்சிஎஸ்டி பொருள் சேவை வரி வசூலிக்க வேண்டும்; 2024 முதல் அது 9 சதவீதம். அதனால் விற்பவர் "மெயின்டனன்ஸ் 360தான்" என்றால், வரியோடா வரி இல்லாமலா என்று கேளுங்கள்.

நீச்சல்குளத்தில் கால் வைத்ததே இல்லை, எனக்குக் குறைப்பார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். குறைக்க மாட்டார்கள்.

ஒரு படுக்கையறை வீடு வாங்கினால் கட்டணம் பாதியாகக் குறையுமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கட்டணம் வீட்டின் பரப்பளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை. ஷேர் வேல்யூ என்ற பங்கு எண்ணிக்கையின்படி. குடியிருப்புகளில் வழக்கமான கணக்கு இப்படி: 50 சதுர மீட்டர் வரை 5 பங்கு, 51 முதல் 100 வரை 6 பங்கு, 101 முதல் 150 வரை 7 பங்கு.

ஒரு பங்குக்கு மாதம் 65 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 98 சதுர மீட்டர் உள்ள என் வீட்டுக்கு 390. அதே கட்டடத்தில் 45 சதுர மீட்டர் வீட்டுக்கு 325. பரப்பு பாதிக்கும் கீழே, கட்டணமோ 65 வெள்ளிதான் குறைவு. சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் முதல் ஓட்டை விழுகிறது.

சிங்கிங் ஃபண்ட் என்று தனியாக ஒரு தொகை பில்லில் இருக்கிறதே, அது என்ன?

எதிர்காலப் பெரிய செலவுக்கான உண்டியல். தினசரிச் செலவுக்கு நிர்வாக நிதி. லிஃப்ட் மாற்றுவது, வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பது, தண்ணீர்க் குழாய், பம்ப் மாற்றுவது போன்றவற்றுக்கு சிங்கிங் ஃபண்ட்.

பழைய கொண்டோ வாங்குகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த உண்டியலைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. சமையலறை பெரிதாக இருக்கிறதா, பூஜைக்கு ஓர் அலமாரி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். வாங்கி நான்காம் ஆண்டு லிஃப்ட் மாற்ற வேண்டி வந்தது. உண்டியலில் இருந்தது போதவில்லை. பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலித்தார்கள். என் பங்குக்கு ஐந்தாயிரத்துக்கு மேல். தவணையில் கட்ட விட்டார்கள், அதுவரை புண்ணியம்.

பழைய கட்டடத்தில் இன்னொன்றும் உண்டு. இருபது வயதைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி. சோதனைக்கும் செலவு, அதில் ஓட்டை உடைசல் தெரிந்தால் அதற்கும் செலவு. எல்லாம் அதே உண்டியலிலிருந்துதான்.

வாங்கும் முன் வக்கீல் மூலமாகவோ ஏஜென்ட் மூலமாகவோ கடைசி இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகளையும் கணக்கையும் வாங்கிப் படியுங்கள். லிஃப்ட், கசிவு, வழக்கு என்ற மூன்று சொற்கள் எத்தனை தடவை வருகின்றன என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே முடிவாவது உங்கள் பணம். மொத்தப் பங்கில் 30 சதவீதம் வந்தால்தான் கூட்டம் தொடங்கலாம் என்று சட்டம். அரை மணி நேரம் காத்திருந்தும் வரவில்லையென்றால், வந்தவர்களே போதும். எங்கள் கட்டடத்தில் ஒவ்வோர் ஆண்டும் அந்த அரை மணி நேரம் காபியும் கறிபஃப்புமாகக் கழிகிறது. பிறகு இருபது இருபத்தைந்து பேர் கை தூக்கி, நூற்றைம்பது வீட்டுக்கான கட்டணத்தை முடிவு செய்கிறார்கள். ஒரு வருடம் நான் போகவில்லை. அந்த வருடம்தான் கட்டணம் ஏறியது. நான் போயிருந்தாலும் ஏறியிருக்கும், ஆனால் மனசு கேட்கவில்லை.

கட்டணத்தில் நிலுவை வைத்திருந்தால் பெரும்பாலான தீர்மானங்களில் ஓட்டுப் போட முடியாது. ரொம்ப நாள் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். வீட்டின் மேலேயே உரிமைப் பதிவு செய்ய எம்சிஎஸ்டிக்கு அதிகாரம் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் ஏற்பாடு) போட்டுவிட்டுப் போவது நல்லது.

சொத்து வரி எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வெளிநாட்டுக்காரருக்கு அதிகமா?

குடியுரிமை இங்கே கணக்கில் வராது. நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறீர்களா இல்லையா என்பதுதான் கணக்கு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

வரியை விதிப்பது ஐராஸ், அதாவது சிங்கப்பூர் வரித்துறை. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று அவர்கள் மதிப்பிடுவார்கள். தளவாடங்களுக்கும் பராமரிப்புக்கும் உரிய பங்கைக் கழித்துவிடுவார்கள். அதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். வரி அந்த எண்ணின்மேல்தான்.

சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு 2025 முதல், முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 28,000-க்கு 4 சதவீதம். அதற்கு மேல் 6, 10 என்று ஏறி, 1,40,000-க்கு மேல் 32 சதவீதம் வரை. குடியிருக்காத வீட்டுக்குத் தொடக்கமே வேறு: முதல் 30,000-க்கு 12 சதவீதம், அடுத்த 15,000-க்கு 20, அடுத்த 15,000-க்கு 28, அதற்கு மேல் 36.

ஆண்டு மதிப்பு 36,000 உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நீங்களே குடியிருந்தால் 12,000 போக மீதி 24,000-க்கு 4 சதவீதம், அதாவது 960 வெள்ளி. வாடகைக்கு விட்டுவிட்டு வெளியேறினால் 30,000-க்கு 3,600, மீதி 6,000-க்கு 1,200, ஆக 4,800 வெள்ளி. அதே வீடு, அதே சுவர், நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதற்கு வரி ஐந்து மடங்கு.

இரண்டு வீடு இருந்தாலும் குடியிருப்புச் சலுகை ஒன்றுக்குத்தான். கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்றாலும் குடும்பத்துக்கு ஒன்றுதான்.

பில் ஆண்டு இறுதியில் வரும். ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும், தவறினால் 5 சதவீத அபராதம். ஜைரோவில் பன்னிரண்டு தவணையாக வட்டியில்லாமல் கட்டலாம். சில ஆண்டுகளில் தள்ளுபடியும் தருகிறார்கள். 2025-ல் குடியிருக்கும் தனியார் வீடுகளுக்கு 15 சதவீதம், அதிகபட்சம் 1,000 வெள்ளி. அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

வீட்டைப் பூட்டி வைத்தால் வரி குறையுமா?

குறையாது. காலி வீட்டுக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது, 2014-ல் எடுத்துவிட்டார்கள். பராமரிப்புக் கட்டணமும் அப்படியே. போதாததற்கு இந்த ஊர் ஈரப்பதத்தில் பூட்டிய வீட்டின் அலமாரிக்குள் மூன்றே மாதத்தில் பூஞ்சை வந்துவிடும். லெதர் ஷூ பச்சையாகிவிட்டது என்று ஒரு நண்பர் படம் அனுப்பியிருந்தார்.

வீட்டுக்குள் வரும் பழுதுச் செலவு எவ்வளவு வைக்கலாம்?

நான் மாதம் 150 வெள்ளி தனியாக எடுத்து வைக்கிறேன். சில ஆண்டு மிஞ்சும், சில ஆண்டு பறக்கும்.

நிலையான செலவு ஏர்கான். இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யாவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணையில் சொட்டும். நான்கு யூனிட்டுக்கு ஒரு தடவைக்கு சுமார் 100 வெள்ளி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கெமிக்கல் வாஷ், அது தனி. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கம்ப்ரசரோடு எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். அப்போது ஆயிரக்கணக்கில் பேச வேண்டும்.

நிலையில்லாத செலவு, கசிவு. ஒரு ஞாயிறு காலை கீழ்வீட்டு சீன ஆன்ட்டி கதவைத் தட்டினார். கையில் போன், போனில் அவர் வீட்டுக் குளியலறைக் கூரையின் படம்: நடுவில் பழுப்பாக ஒரு வட்டம், ஓரமெல்லாம் பெயின்ட் செதில் செதிலாக. "உங்கள் வீட்டுத் தண்ணீர்" என்றார், கோபமில்லாமல். என் வீட்டுத் தரை காய்ந்துதான் இருந்தது, அதனால் நான் இல்லை என்று வாதாடினேன். பிறகுதான் தெரிந்தது, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் காரணம் மேல்வீட்டில்தான் என்று சட்டமே முதலில் அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது மேல்வீட்டுக்காரர் பொறுப்பு. ஆள் கூப்பிட்டு ஷவரை ஒரு மணி நேரம் திறந்துவிட்டுப் பார்த்தோம். ஆன்ட்டி சொன்னதுதான் சரி. ஓடுகளைப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங் புதிதாகப் போட்டு, ஓடு பதிக்க 3,000 வெள்ளிக்குப் பக்கம் ஆனது. முதலில் வந்த ஒரு கான்ட்ராக்டர் பெயர்க்காமலே ஊசி மருந்து போல ஏதோ செலுத்திச் சரி செய்வதாகச் சொல்லி 600 வாங்கிக்கொண்டு போனார். ஆறு வாரத்தில் ஆன்ட்டி மறுபடியும் போனோடு வந்தார்.

ஜன்னலையும் மறக்காதீர்கள். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் போட வேண்டும் என்பது 2004 முதல் சட்டம். பழைய வீடு வாங்கினால் முன்னவர் மாற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். ஜன்னல் கீழே விழுந்தால் பொறுப்பு உங்களுடையது.

எம்சிஎஸ்டியே காப்பீடு எடுத்திருக்கிறதே, நான் வேறு எடுக்க வேண்டுமா?

அவர்களுடையது கட்டடத்துக்கு. நீங்கள் போட்ட மரத்தரை, அலமாரி, சமையலறை கேபினட், டிவி, நகை எதுவும் அதில் சேராது. வீட்டுப் பொருட்களுக்கான காப்பீடு ஆண்டுக்கு ஒருசில நூறு வெள்ளிதான். கீழ்வீட்டுக்கு நேரும் சேதத்தையும் ஏற்கும் பாலிசியாகப் பார்த்து எடுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

மின்சாரம், தண்ணீர்?

வாடகைக்கு இருந்தபோது கட்டியதேதான். ஏர்கான் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு.

வங்கித் தவணை மாறாது, அப்படித்தானே?

மாறும். இங்கே நிலையான வட்டி என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான். அது முடிந்ததும் சோரா என்ற, வங்கிகளுக்கிடையிலான வட்டி விகிதத்தோடு கட்டிய மிதக்கும் வட்டிக்குப் போய்விடும். 2021-ல் ஒன்றேகால் சதவீதத்துக்குக் கடன் வாங்கியவர்கள் 2023-ல் மூன்றரை, நான்கு என்று பார்த்தார்கள். ஐந்து லட்சம் வெள்ளிக் கடனுக்கு வட்டி ஒரு சதவீதம் ஏறினால் ஆண்டுக்கு 5,000 வெள்ளி. பராமரிப்புக் கட்டணம் 20 வெள்ளி ஏறியதற்குக் கூட்டத்தில் சண்டை போடுகிற நாம் இதைக் கவனிக்காமல் விடுகிறோம். நிலையான காலம் முடிவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே வேறு வங்கிகளில் விசாரித்து வையுங்கள்.

சிபிஎஃப் (சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தில் தவணை கட்டுகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டை விற்கும்போது எடுத்த தொகையையும், அது கணக்கிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் 2.5 சதவீத வட்டியையும் சேர்த்து சிபிஎஃப் கணக்குக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். உங்கள் பணம்தான், ஆனால் கையில் வராது.

வாடகைக்கு விட்டால் வாடகையே எல்லாவற்றையும் கட்டிவிடாதா?

என் நண்பர் ஒருவர் துபாய்க்கு மாற்றலாகிப் போனார். அவர் வீட்டுக் கணக்கை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். மாத வாடகை 3,500, ஆண்டுக்கு 42,000. கடன் ஐந்து லட்சம், வட்டி 3 சதவீதம் என்றால் 15,000. சொத்து வரி 4,800. பராமரிப்பு 4,680.

இனி வருமான வரி. சிங்கப்பூரில் குடியிருப்பவர் என்ற தகுதி போய்விட்டால், வாடகை நிகர வருமானத்துக்கு 24 சதவீதம், அடுக்குகள் எதுவும் கிடையாது. செலவைக் கழிக்க இரண்டு வழி: ரசீது எதுவும் காட்டாமல் வாடகையில் 15 சதவீதம், அல்லது உண்மைச் செலவு. இரண்டிலும் கடன் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம். அவர் சோம்பலில் 15 சதவீதத்தை எடுத்தார்: 6,300. உண்மைச் செலவோ சொத்து வரியும் பராமரிப்புமே 9,480. 15 சதவீத வழியில் வரி 4,968 வருகிறது. உண்மைச் செலவு வழியில் 4,205-க்குப் பக்கம். ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 760 வெள்ளி மிச்சம்.

உண்மைச் செலவு வழியில் வரி கட்டினாலும், எல்லாம் போகக் கையில் நிற்பது 13,300 சொச்சம். அதிலிருந்துதான் கடன் அசல் போக வேண்டும், ஏர்கான் பழுது போக வேண்டும், ஏஜென்ட் கமிஷன் போக வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்பது வழக்கம். வாடகைக்கு வருகிறவரும் நம்மைப் போன்ற வேலைக்காரர் என்றால் ஒப்பந்தத்தில் டிப்ளமாட்டிக் கிளாஸ் என்ற நிபந்தனை கேட்பார். வேலை போனாலோ மாற்றலானாலோ ஓராண்டு கழித்து, இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யலாம். காலியான மாதங்களுக்கு வாடகை இல்லை, வரி மட்டும் உண்டு.

மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

இதற்கு வீவக வீடே மேல் இல்லையா?

செலவைப் பார்த்தால் ஆமாம். நகர மன்றத்துக்குக் கட்டும் மாதக் கட்டணம் நான்கறை வீட்டுக்கு 100 வெள்ளிக்கும் கீழே; சொத்து வரியும் குறைவு. ஆனால் பிஆர் ஆகி மூன்று ஆண்டு ஆன பிறகுதான், அதுவும் குடும்பமாக, மறுவிற்பனை வீடு வாங்கலாம். முழு வீட்டையும் வாடகைக்கு விட பிஆருக்கு அனுமதி இல்லை. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், வீவக வீட்டை வைத்துக்கொண்டு போக முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று வேலை போய், விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டி வந்தால்?

2025 ஜூலை 4 அன்றோ அதன் பிறகோ வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பவர் முத்திரை வரி உண்டு. முதல் ஆண்டில் 16 சதவீதம், பிறகு 12, 8, 4. லாபத்தில் இல்லை, மொத்த விலையில். நட்டத்துக்கு விற்றாலும் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஏஜென்ட்டுக்கு 2 சதவீத அளவில் கமிஷன், வக்கீல் செலவு. நான்கு ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாதவர்கள் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. ஏஜென்ட்டுகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ளலாமா? இந்தியாவில் வரி உண்டா?

வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய சொத்தைத் திரும்பி வந்த பிறகும் வைத்திருக்க இந்தியாவின் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு இடம் தருகிறது.

நீண்ட காலம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பியவருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டு ஆர்என்ஓஆர் என்ற இடைநிலை கிடைக்கும்; அந்தக் காலத்தில் சிங்கப்பூர் வாடகைக்கு இந்தியாவில் வரி இல்லை. அது முடிந்ததும் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இந்தியாவில் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் கட்டிய வரிக்கு இரட்டை வரி ஒப்பந்தப்படி கழிவு கேட்கலாம். வருமான வரிப் படிவத்தில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதியில் வீட்டையும் இங்குள்ள வங்கிக் கணக்கையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடாமல் சும்மா வைத்திருந்தாலும் எழுத வேண்டும். இரண்டு நாட்டுக் கணக்கும் தெரிந்த ஆடிட்டருக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டணம் ஆகும், அதையும் செலவுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுக்கு வரி உண்டா?

சிங்கப்பூரில் 2008 பிப்ரவரி 15 முதல் மரண வரி இல்லை. ஆனால் பெயர் மாற்ற இங்குள்ள நீதிமன்ற உத்தரவு வேண்டும். அது வரும்வரை சொத்து வரி, பராமரிப்பு, தவணை எதுவும் நிற்காது. வீடு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் இங்கேயே ஓர் உயில் எழுதி வையுங்கள். சில நூறு வெள்ளிதான் ஆகும். எழுதியதை எங்கே வைத்தீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். நான் எழுதி ஆறு வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறது என்று போன மாதம்தான் என் மனைவிக்குச் சொன்னேன், அதுவும் ஏர்கான் ரசீதைத் தேடும்போது அவளே எடுத்துவிட்டதால்.